ஐந்தாவது படம்

பிப்ரவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

ஏழாவது பெட்டி இன்று கிளம்புகிறது. நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். உறைமேல் "சொந்த விஷயம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், உன் அலுவலகத்தில் வேறு யாரும் பிரித்துத் தொலைக்காமல் இருக்க. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

போன பெட்டியோடு நீ அனுப்பிய கேள்வித்தாள் வந்தது. முப்பத்தொரு கேள்வி. "நேர்காணலாளர் எண் 17 விளக்கம் தரவும்" என்று முப்பத்தொரு தடவை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது உனக்குப் பதினோரு வயது. உன் தலையில் பேன் பார்த்துச் சடை பின்னிவிட்டவள் நான். இப்போது பதினேழாம் எண் ஆகிவிட்டேன்.

நாற்பதாவது படிவத்தில் "ஒரு வாய்" என்று எழுதியிருக்கிறேனாம், ஒரு வாய் எத்தனை கிராம் என்று கேட்கிறாய். யார் வாய் என்பதைப் பொறுத்தது. உன் அண்ணன் வாய் என்றால் தனிப் படிவமே வேண்டும்.

தையல் ஆலையை மூடியபோது உட்கார்ந்து செய்யும் வேலை போய், ஏறி இறங்கும் வேலை வந்தது. கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மூன்று குடியிருப்புகளும் என் பங்கு. நாலு மாடி, லிப்ட் கிடையாது, ஒரு கட்டடத்துக்கு அறுபத்தெட்டுப் படி. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்கிறேன். பிறகு படப்புத்தகத்தைத் திறந்து, "இதுல உங்க தட்டு எது?" என்கிறேன். ஒரே தட்டு, ஏழு படம், ஒவ்வொன்றிலும் சோறு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் விரல் வைக்கிறார்கள், நான் எண்ணை எழுதுகிறேன். நீ சொல்லிக்கொடுத்தபடி முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்கிறேன். அந்த முகம் வீட்டுக்கு வந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று உன் அண்ணன் நேற்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

குறையாகச் சொல்லவில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணி
(எண் 17)

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தக் கேள்வித்தாளை நான் எழுதவில்லை. கணினி எடுத்துப் போட்டது. அதற்கு உங்களை யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே என் வேலை என்ன என்று அண்ணன் கேட்டதாகப் போன மாதம் போனில் சொன்னீர்கள். பன்னிரண்டு நாடுகள். ஒவ்வொரு நாடும் இத்தனை வருடமாகத் தன் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தன் போக்கில் அளந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டில் ஒரு வாரத்துக்குக் கேட்டார்கள், இன்னொன்றில் ஒரு நாளைக்கு. ஒரு நாட்டுக் கிண்ணத்தில் கைப்பிடி அளவு பிடிக்கும், இன்னொரு நாட்டுக் கிண்ணத்தில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். இந்த லட்சணத்தில் எந்த நாட்டில் பசி அதிகம் என்று எப்படி ஒப்பிடுவது? அதனால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒரே படம். போன வாரக் கூட்டத்தில், குடிக்கிற தண்ணீரை உணவுக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாட்டுக்காரர்கள் மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீங்கள் படிவத்தின் ஓரத்தில் எழுதுகிறீர்கள். "இவ்வளவு சாப்பிட்டிருக்க முடியாது, பானையைப் பார்த்தேன்" என்று பதினான்கு இடத்தில் இருக்கிறது. ஓரத்தில் எழுதக்கூடாது அண்ணி. ஒருவர் பானையைப் பார்த்து எழுதினால், மற்றவர் முகத்தைப் பார்த்து எழுதுவார், மூன்றாமவர் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து எழுதுவார். பிறகு அளவுகோலே இருக்காது. அவர்கள் எந்தப் படத்தைக் காட்டுகிறார்களோ அதுதான் கணக்கு.

நல்ல செய்தியும் உண்டு. நம் ஊர்ப்பக்கக் கணக்கு நாங்கள் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. மக்கள் போதுமான அளவு சாப்பிடுகிறார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் அறையில் ஒரே ஒரு சன்னல். அதன் எதிரில் இன்னொரு சுவர். நானும் அலுத்துத்தான் இருக்கிறேன்.

உங்கள்
பொடிசு

*

மார்ச் 10

பொடிசுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறார்களா? யார்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் பானையையே பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டாவது கட்டடத்தில் நாலாம் மாடியில் ஒருத்தி இருக்கிறாள். கிடங்கில் பொட்டலம் கட்டுகிற வேலை. ஐந்து மாதம் ஆகிறது அவளுக்கு. வயிறு தெரியவே இல்லை, அவளாகச் சொன்னதால்தான் தெரிந்தது. அவள், புருஷன், மாமியார், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பானை. நம் வீட்டில் பால் காய்ச்சுகிற பாத்திரம் அதைவிடப் பெரியது. அவள் மதியச் சாப்பாட்டுக்கு ஐந்தாவது படத்தைக் காட்டினாள், ராத்திரிக்கும் ஐந்தாவது. உன் கிராம் அட்டவணைப்படி மூன்று பேரும் ஐந்தாவது படம் சாப்பிட்டால் அந்தப் பானையை ஒரே வேளைக்கு இரண்டு தடவை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

கௌரவத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதனால்தான் ஓரத்தில் எழுதினேன். இனி எழுதவில்லை, போ.

நேற்று நடந்ததைக் கேள். அந்தக் கட்டடத்துக்குக் கீழே மருந்தகம் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் மாதம் நான்கு சத்துமாவுப் பொட்டலம் கொடுப்பார்கள். மே மாதத்திலிருந்து அது இந்தப் பகுதிக்கு இல்லையாம். முதல்கட்டக் கணக்கு வந்துவிட்டது, இங்கே போதுமான அளவு சாப்பிடுகிறார்கள், தேவைப்படுகிற பகுதிக்கு மாற்றுகிறோம் என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்திருக்கிறது. நர்ஸம்மா வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு என் தோள்பையைப் பார்த்தாள். அதில்தான் நம் படப்புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது.

மாடிக்குப் போனால் நாலாம் மாடிக்காரி கேட்கிறாள்: "அக்கா, நீங்க வந்து எழுதிட்டுப் போனீங்களே, அதனாலதான் நிறுத்திட்டாங்களா?"

முகத்தைச் சுவராக வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். வெட்கமாக இருந்தது.

எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது பொடிசு. நீ பார்.

அண்ணி

*

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

பொட்டலம் நிற்கப்போவது எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. முதல்கட்டக் கணக்கை அமைச்சகம் கேட்டது, கொடுத்தோம். அதை வைத்து இவ்வளவு சீக்கிரம் எதையாவது வெட்டுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

தப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். கூட்டல், பெருக்கல், கிராம் அட்டவணை எல்லாம் சரி. பொதுவாக மக்கள் சாப்பிட்டதைக் குறைத்துத்தான் சொல்வார்கள். மறப்பார்கள், கூச்சப்படுவார்கள். ஒரு பகுதி முழுக்கக் கூட்டிச் சொல்வது அபூர்வம். அப்படி நடந்தால் கையேடு ஒரு காரணத்தை முதலில் பார்க்கச் சொல்கிறது: கேட்கிறவர் அறியாமலே தூண்டியிருக்கலாம். "இவ்வளவுதானா?" என்று ஒரு புருவம் உயர்ந்தால் போதும், எதிரில் இருப்பவரின் விரல் அடுத்த படத்துக்குப் போய்விடும்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பானையைப் பார்க்கிற கண் உங்களுடையது. அது முகத்தில் தெரிந்திருக்கலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மேற்பார்வையாளர் வந்து மூன்று நாள் உங்களுடன் நடப்பார். விதி அப்படி. என் அண்ணி என்பதற்காக அதை நிறுத்தினால் நாளைக்கு வேறு மாதிரிப் பேசுவார்கள்.

மே மாதத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

பொடிசு

*

ஏப்ரல் 8

பொடிசுக்கு,

உன் மேற்பார்வையாளர் வந்தார், நடந்தார், என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கினார். பதினெட்டு வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்க முகத்துல ஒண்ணுமே தெரியலைங்க, எனக்கே பயமா இருக்கு" என்றார். பதினேழாம் எண்மேல் பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் கைக்கும் வந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. இருபத்தொன்பது வருடம் துணி தைத்தவள். ஒரு நூல் பிசகினால் முழுவதையும் பிரிப்பேன். என்னைப் போய், தூண்டினாய் என்கிறாய். அது போகட்டும். ரோஷத்தில் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் அண்ணனைச் சோறு போடச் சொன்னேன், நான் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு. படப்புத்தகத்தைத் திறந்து நானே விரல் வைத்தேன். ஐந்தாவது படம். பொய் சொல்ல எதிரில் யாரும் இல்லை, கௌரவம் பார்க்கவும் தேவையில்லை, உண்மையாகவே ஐந்தாவதுதான். பிறகு தட்டை மூடி எடுத்துக்கொண்டு முனைக்கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். "சாப்பாடு விக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். தட்டைக் கழித்து இருநூற்று நான்கு கிராம். ஐந்தாவது படத்துக்கு உன் அட்டவணை சொல்வது முந்நூற்றுப் பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் பசி தாங்காமல் ஸ்பூனோடு பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு படத்திலும் தட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் இருக்கிறது அல்லவா? அவர் விளையாட்டாகத் தன் ஸ்பூனை அதன்மேல் வைத்தார். "என்ன இது, சின்னப் புள்ளைங்க ஸ்பூனா?" என்றார். இவருடையது இரண்டு விரல்கடை நீளமாக இருந்தது.

தையல் டேப்பை எடுத்தேன். கையேட்டின் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது: "படங்கள் உண்மை அளவில் உள்ளன. தட்டின் குறுக்களவு 26 சென்டிமீட்டர்." எனக்கு 21 வந்தது. எல்லாப் பக்கத்திலும் 21. பக்கத்துப் பகுதிக்காரியின் புத்தகத்தையும் வாங்கி அளந்தேன். அதுவும் 21.

காகிதத்துக்குள் அடங்கட்டும் என்று அச்சகத்தில் சுருக்கிவிட்டான் பொடிசு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். படத்தில் தட்டும் சின்னது, சோறும் சின்னது. அதன் பக்கத்தில் அவர்களுடைய சோறு பெரிதாகத் தெரிந்திருக்கிறது, அதனால் பெரிய எண்ணைக் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. நாலாம் மாடிக்காரி கௌரவத்துக்குச் சொன்னாள் என்று நான் ஓரத்தில் எழுதினேனே, அதை எப்படியாவது அடித்துவிடு.

கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். "அச்சு சரிபார்க்கப்பட்டது" என்பதற்குக் கீழே உன் கையெழுத்து இருக்கிறது. தேதி ஆகஸ்ட் 19.

அண்ணி

*

ஏப்ரல் 22

பொடிசுக்கு,

பெட்டி வந்தது. வெற்றுப் படிவங்கள் இருந்தன. கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 17-ஆம் தேதி மாமா போனார். 19-ஆம் தேதி காலையில் நீ நம் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கண் இரண்டும் வீங்கிப்போய். ஏதோ ஆபீஸ் வேலை, இன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்றாய். கூடம் முழுக்கத் துக்கம் கேட்க வந்தவர்கள். நான்தான் மூன்று தடவை வந்து நின்றேன். "பெத்த பொண்ணு இங்க உட்கார்ந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? மூடிட்டு வா" என்று சொன்னவள் நான். நீயும் மூடிவிட்டு வந்தாய்.

தேதியைப் பார்த்ததிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழி உன் ஒருத்தி தலையில் இல்லை.

மேற்பார்வையாளரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணனையும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியவந்தால் நீ தாங்கமாட்டாய். ஆனால் நானும் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருக்க முடியாது. மே ஒன்றாம் தேதி பொட்டலம் நின்றுவிடும்.

எழுது.

அண்ணி

*

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

நாள் தள்ளினேன். மறைக்க ஒன்றுமில்லை, பயந்துகொண்டு தள்ளினேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இங்கிருக்கும் மூலப் புத்தகத்தை அளந்தேன். 26. ஒரு நிமிடம் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நீங்கள் டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இருபத்தொன்பது வருடம் டேப் பிடித்தவரைப் பற்றி. பிறகு மற்ற பதினொரு நாட்டையும் அளக்கச் சொன்னேன். எல்லா இடத்திலும் 26. நம் நாட்டில் மட்டும் 21. நம் மொழி தெரிந்தவள் என்று அந்தப் புத்தகத்தின் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

அச்சடித்த முதல் பிரதியைக் கையில் வாங்கி, தட்டை அளந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும். அந்த விதியைக் கையேட்டில் எழுதியவளே நான்தான். அன்றைக்குத் திரையில் பார்த்தேன். திரையில் எந்தப் படமும் எந்த அளவிலும் தெரியும். நீங்கள் வந்து நிற்காவிட்டாலும் அன்று நான் அளந்திருக்கமாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் எனக்குத் தட்டும் தெரியவில்லை, சோறும் தெரியவில்லை. அதனால் அந்தப் பழியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தலைவரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை, களைத்த மனிதர். கதவைச் சாத்திவிட்டு, "அடுத்த சுற்றுல ஒரு திருத்த எண்ணைச் சேர்த்துடலாம். இப்ப எதுக்கு ஊரக் கூட்டணும்?" என்றார். அடுத்த சுற்று இரண்டு வருடம் கழித்து. இப்போது வெளியே சொன்னால், பன்னிரண்டு நாட்டு ஒப்பீட்டையும் சந்தேகப்படுவார்கள், ஆறு வருட வேலை போய்விடும் என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். சோற்றை அளக்கிற அலுவலகத்திலேயே.

இன்னொன்றும் இருக்கிறது. கணக்கைத் திரும்பப் பெற்றால், நம் நாட்டில் எடுத்த பன்னிரண்டாயிரத்து நூற்று நாற்பது நேர்காணலும் குப்பைக்குப் போகும். தவறான படத்தைப் பார்த்து வைத்த விரலை, உட்கார்ந்த இடத்திலிருந்து திருத்த முடியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதில் நீங்கள் ஏறியது அறுநூறுக்கு மேல். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அண்ணன் எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று சில நேரம் தோன்றுகிறது. சொல்லுங்கள் அண்ணி, நான் என்ன செய்யட்டும்?

பொடிசு

*

மே 12

பொடிசுக்கு,

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லி நீ செய்தால் நாளைக்கு, அண்ணி சொன்னாள் என்று உன் மனசு ஒரு மூலையில் பிடித்து வைத்துக்கொள்ளும். நாத்தனார், அண்ணி உறவில் அதற்கெல்லாம் இடம் கொடுக்கக்கூடாது.

என் முழங்காலை உன் தராசில் வைக்காதே, அவ்வளவுதான் சொல்வேன். தைத்தது பிசகினால் பிரிக்கத்தான் வேண்டும். பிரிக்கிற வேலைக்கு அழுதுகொண்டிருந்தால் ஒரு துணியும் வெளியே போகாது. திரும்ப ஏறச் சொன்னால் ஏறுகிறேன். முனகிக்கொண்டேதான் ஏறுவேன், அதை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பொட்டலம் நின்றுவிட்டது. மருந்தகத்தில் அந்த அலமாரியில் இப்போது பழைய கோப்பு அடுக்கியிருக்கிறார்கள். நாலாம் மாடிக்காரியைப் படியில் பார்த்தேன், கிடங்கு வேலையை இன்னும் விடவில்லை. "பரவால்லக்கா, எங்களுக்கு வேணாம்னுதானே கணக்குல வந்திருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கணக்கை நம்புகிறாள். என்னைப் பார்த்து நம்புகிறாள். அதுதான் என்னால் முடியவில்லை.

அண்ணி

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு நாட்டுக்கும், அமைச்சகத்துக்கும். ஒரே பக்கம்தான். படப்புத்தகம் சுருங்கி அச்சானது, அச்சைச் சரிபார்க்க வேண்டியவள் நான், சரிபார்க்காமல் கையெழுத்திட்டேன், நம் நாட்டுக் கணக்கு முழுவதும் தவறு, அதை வைத்து எந்த முடிவும் எடுக்கவேண்டாம், எடுத்ததை நிறுத்திவைக்கவும். அச்சகத்தின்மேல் போட்டுவிடலாம் என்று கூட வேலை செய்கிறவர் ஒருவர் யோசனை சொன்னார். காகிதத்துக்கு ஏற்றபடி சுருக்குவது அவர்கள் தொழில். அளந்து பார்ப்பது என் தொழில்.

மூன்றாம் நாள் தலைவர் வந்து, என் ஒப்பந்தம் டிசம்பர்வரை மட்டும் நீளும், அதுவரை மறுகணக்கெடுப்புக்கு உதவவேண்டும், இனி எதிலும் என் கையெழுத்து செல்லாது என்று சொன்னார். சரி என்றேன். அண்ணி, அன்று மதியம் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எத்தனை மாதமாக நின்றுகொண்டே சாப்பிட்டு வந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன், நினைவு வரவில்லை.

அமைச்சகம் பதில் போட்டுவிட்டது. தவறைத் தெரிவித்ததற்கு நன்றியாம். சத்துமாவு பற்றிய முடிவு மறுகணக்கெடுப்பின் முடிவு வந்த பிறகு பரிசீலிக்கப்படும். அதாவது வருடக் கடைசி. நிறுத்துவதற்கு முதல்கட்டக் கணக்கு போதுமாக இருந்தது, திரும்பக் கொடுப்பதற்கு முழுக் கணக்கு வேண்டுமாம். இரண்டு தடவை போன் செய்தேன். வரிசையில் காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

செப்டம்பரில் புதுப் புத்தகம் வரும். நாற்பது பிரதி. ஒவ்வொன்றையும் நானே அளந்து அனுப்புகிறேன்.

பொடிசு

*

செப்டம்பர் 14

அன்புள்ள பொடிசுக்கு,

புதுப் புத்தகம் வந்தது. பிரித்ததும் டேப்பை வைத்தேன், உன்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, பழக்கம். 26. பழையதைவிட இரண்டு மடங்கு கனம். தோள்பையில் அடங்கவில்லை, கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறேன்.

முதல் வாரம் நன்றாக இல்லை. பாதிக் கதவு திறக்கவில்லை. திறந்த வீட்டில் பாதிப்பேர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முதல் படத்தில் விரலை வைத்துவிடுகிறார்கள், எடுத்த எடுப்பில், எல்லா வேளைக்கும். சின்னப் படத்தைக் காட்டினால் பொட்டலம் வரும் என்று கட்டடம் முழுக்கப் பேசி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, போன தடவை என்ன தப்பு நடந்தது என்று முழுசாகச் சொல்கிறேன். கையேட்டில் இதற்கு அனுமதி கிடையாது, தெரியும். சொன்ன பிறகு சிலர் யோசித்து வேறு படத்தைக் காட்டுகிறார்கள். சிலர் கதவைச் சாத்துகிறார்கள்.

நேற்று நாலாம் மாடிக்குப் போனேன். அவளுக்கு ஜூன் கடைசியில் பிரசவம் ஆகிவிட்டது, ஒரு மாதம் முன்னால். பெண். ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களாம். இப்போது வீட்டில்தான் இருக்கிறது. இவ்வளவு சின்ன விரலை நான் பார்த்ததில்லை. அழுகைகூடச் சத்தமாக வரவில்லை அதற்கு.

அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய புத்தகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உண்மையச் சொன்னா பொட்டலம் வருமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவது படத்தில் விரலை வைத்தாள். பானையை நான் முன்பே பார்த்தவள். அது உண்மை. எழுதிக்கொண்டேன்.

பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். என்னைக் குறை சொல்கிற குரலே இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏப்ரல்ல நர்ஸம்மா மேலிடத்துக் காகிதத்தப் பார்த்துச் சொன்னாங்கக்கா, நாலாவது படம் சாப்பிட்டா போதும், புள்ளைக்குக் காணும்னு. நான்தான் அஞ்சாவது படம் சாப்பிடறேனே, எதுக்கு அவ்வளவுன்னு, அன்னையிலேருந்து எடுத்து அவருக்கு வச்சிடுவேன். மூட்டை தூக்கறவரு. நான் கொஞ்சமா சாப்பிட்டு நிறுத்திக்குவேன். பசிக்கும். ஆனா கணக்குப்படி போதுமே, இது சும்மா ஆசைன்னு நெனச்சுக்குவேன்."

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது பொடிசு. அவள்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

படிவத்தை இந்தப் பெட்டியில் முதலாவதாக வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். அவள் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அதில் இடம் இல்லை. அந்தப் படிவத்தைப் போட்டவள் நீ. இதை நான் எங்கே எழுதட்டும்?

அண்ணி